பதினோரு வாளிக் கோதுமையும் பாஸ்டர் சுட்ட ரொட்டியும்

யார்னிப்,
அறுவடைத் திருநாளுக்கு மறுநாள், திங்கட்கிழமை.

அன்பும் மரியாதையும் உள்ள க்ளெனிஸ் அக்காவுக்கு, தம்பி நெவில் எழுதுவது. அடிலெய்டில் உன் முழங்காலும் மச்சானின் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்க வேண்டுமென்று நாங்கள் ஜெபித்துக்கொண்டிருக்கிறோம். இங்கே நானும் ராயலீனும் உடம்பளவில் சௌக்கியம். மற்றபடி அவள் என்னோடு பேசுவதில்லை, சபையில் ஒருவரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, நாய் மட்டும் எப்போதும்போல இருக்கிறது. மழை இல்லை. வந்தாலும் இனி யாருக்காக என்ற நிலையில் இருக்கிறேன்.

நேற்று மாலை மார்லீன் உனக்குப் போன் செய்ததாகக் கேள்விப்பட்டேன். என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். உன் தம்பி சபைக்கு விஷம் வைத்துவிட்டான், நல்ல பாஸ்டரை ஊரை விட்டுத் துரத்திவிட்டான் என்றிருப்பாள். அக்கா, நீ என்னைச் சின்ன வயதிலிருந்து அறிந்தவள். நான் விஷம் வைக்கவில்லை. அதாவது, நான் மட்டும் வைக்கவில்லை. உன் தோழி மார்லீனின் கை அதில் எவ்வளவு ஆழமாக இருக்கிறது என்பதையும் சேர்த்து நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் ராயலீன் பேசாவிட்டாலும் பக்கத்தில் நின்று தலையை ஆட்டி ஆட்டித் திருத்தம் சொல்வாள், அதைவிட எழுதுவது நிம்மதி.

எங்கள் சபைக்கு ஆறு வருடம் பாஸ்டர் இல்லாமல் இருந்தது உனக்குத் தெரியும். ஒரு ஞாயிறு ஹார்ஷம் டவுனிலிருந்து யாராவது வருவார், மறு ஞாயிறு நான் பிரசங்கத்தைக் காகிதத்தில் பார்த்துப் படிப்பேன், படிக்கிறபோது பாதிப் பேர் தூங்குவார்கள், மீதிப் பேர் தூங்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்படி இருந்த இடத்துக்கு லாக்லன் வந்தார். முப்பத்திரண்டு வயது, மெல்போர்ன்காரர், கோதுமைக்கும் பார்லிக்கும் வித்தியாசம் தெரியாது, ஆனால் ஆஸ்பத்திரியில் கிடக்கிறவர்களைக் கேட்காமலே போய்ப் பார்ப்பார், கால்பந்துக்கு ஆள் குறைந்தால் இறங்கி ஆடுவார், ஆடிக் கீழே விழுந்து எழுந்து சிரிப்பார். எனக்கு அந்தப் பிள்ளையை ரொம்பப் பிடிக்கும். ஜனவரி கடைசியில் க்வீன்ஸ்லாந்திலிருந்து ஒரு பெரிய சபை அவரை அழைத்துவிட்டது. கடற்கரை, ஏர்கண்டிஷன் போட்ட கோவில், பாட்டுக்குழுவில் இளசுகள். அறுவடைத் திருநாள் முடிந்ததும் பதில் சொல்கிறேன் என்று அவர்களிடம் சொல்லியிருந்தார். கல்யாணமாகாதவர், மூட்டை கட்ட அரை மணி நேரம் போதும். அவர் போனால் அடுத்து யாரும் வரப்போவதில்லை என்று மேலிடத்தில் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். கோவிலைப் பூட்டி விற்பார்கள், மெல்போர்னிலிருந்து ஒரு ஜோடி வந்து வீடாக்க வாங்கும், பீடம் இருந்த இடத்தில் குளியல் தொட்டி வைக்கும். ஆகவே திருநாள் வரைக்கும் எல்லாரும் ஒழுங்காக நடந்துகொள்ள வேண்டும் என்று சபைத் தலைவர் என்ற முறையில் நான்தான் எல்லாரிடமும் சொன்னேன். அந்த வாயை இப்போது நினைத்தால் எரிச்சலாக வருகிறது.

வழக்கமாக அறுவடைத் திருநாளுக்குக் கோதுமைக் கதிர்க்கட்டு வடிவத்தில் ஒரு பெரிய ரொட்டியை ஹார்ஷம் பேக்கரியில் சொல்லிச் செய்து பீடத்தில் வைப்போம். இந்த வருடம் பாஸ்டர் கூட்டத்தில் எழுந்து நின்று, "சுத்தி எல்லாமே நம்ம கோதுமை. அப்புறம் எதுக்குக் கடை ரொட்டி? வீட்டுக்கு ஒரு வாளி கொண்டாங்க. எல்லாத்தையும் ஒன்னாக் கலந்து நானே அரைச்சு நானே சுடுறேன்," என்றார். பொழுதுபோக்காக ரொட்டி சுடுகிறவர் அவர், வீட்டில் சின்னதாக ஒரு மின்சாரக் கல்லரவை இயந்திரம் வேறு வாங்கி வைத்திருந்தார்.

"கலந்துட்டா யாரோட கோதுமை எதுன்னு அப்புறம் தெரியாதே பாஸ்டர்," என்றான் காலின் ஸ்வார். மார்லீனின் புருஷன், எங்கள் வடக்கு வேலிக்கு அந்தப் பக்கம்.

"அதுதான் காலின் விஷயமே," என்றார் பாஸ்டர்.

அவர் ஒற்றுமையைச் சொன்னார். நாங்கள் பதினோரு குடும்பமும் வேறு ஒன்றை நினைத்தோம். வண்டை நினைத்தோம்.

நீ நாற்பது வருடமாகப் பட்டணத்தில் இருக்கிறாய், வண்டு என்றால் என்ன என்பது உனக்கு மறந்துபோயிருக்கும். கொள்முதல் நிலையத்தில் லாரியை நிறுத்தியதும் மேடையிலிருந்து ஒரு பெண் குழாயை இறக்கிக் கோதுமையை உறிஞ்சி எடுத்துச் சல்லடையில் போட்டுக் குலுக்குவாள். உயிரோடு ஒரே ஒரு வண்டு நடந்தால் போதும், லாரி முழுவதும் திரும்பிப் போக வேண்டியதுதான். முந்தின வருடம் காலினுக்கு அப்படி ஆயிற்று. பின்னால் லாரிகளில் வரிசையாக உட்கார்ந்திருந்த நாங்கள் எல்லாரும் வானத்தைப் பார்த்தோம், கண்ணாடியைத் துடைத்தோம், ஒருவன்கூட அவனைக் கேலி செய்யவில்லை. கேலி செய்திருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். இன்றைக்கும் கடையில் அவன் பின்னால் நிற்கிறவர்கள் ஒரு எட்டுத் தள்ளித்தான் நிற்கிறார்கள். இந்த ஊரில் ஒருவன் குடிக்கலாம், கடன் வாங்கித் திருப்பாமல் இருக்கலாம், பெண்டாட்டியை விட்டு ஓடிப்போய்த் திரும்பி வரலாம், தானியம் கொட்டி வைக்கிற சைலோவில் வண்டு மட்டும் இருக்கக் கூடாது. அப்படியிருக்க, கோவிலுக்குக் கொடுக்கிற வாளியிலிருந்து ஒரு வண்டு கிளம்பிப் பீடத்தின் வெள்ளைத் துணியில் நடந்து போனால்?

வாளிகள் என் கொட்டகைக்கு வந்து சேர்ந்தன. எல்லாவற்றையும் கொட்டிக் கலக்குகிற டிரம் தலைவர் வீட்டில்தானே இருக்கும். ஒவ்வொரு வாளியையும் சலித்துப் பார்த்தேன். வண்டு இல்லை. செத்த வண்டுகூட இல்லை. டிசம்பரில் அறுத்த கோதுமை, இவ்வளவு வெயிலில் மார்ச் வரைக்கும் கிடந்தது, அப்படி இருக்குமா? சைலோவில் ஏற்றுகிறபோதே எல்லாரும் அளவாகப் பூச்சிமருந்து தெளித்துத்தான் ஏற்றுவோம், அது நியாயம், அதற்குச் சட்டமும், எத்தனை நாள் கழித்துத் தின்னலாம் என்ற கெடுவும் உண்டு. ஆனால் இந்த வாளிகள் அந்த அளவைத் தாண்டிப் பளபளத்தன. ஒன்றில் மண்ணெண்ணெய் வாசனை, ஒன்றில் தோட்டச் சாமான் கடை வாசனை. மார்லீனின் வாளியில் லாவெண்டர் வாசனை. எந்த வாசனையை மறைக்க அதைப் போட்டாள் என்பது எனக்குத் தெரியாதா? எல்லாரும் வாளியில் கோதுமையை அள்ளிய பிறகு தனியாக ஒரு முறை மருந்து போட்டிருக்கிறார்கள். கோவிலுக்கென்று ஸ்பெஷலாக.

இவ்வளவும் தெரிந்த பிறகு நீயும் ஏன் மருந்து போட்டாய் என்று கேட்பாய். கேள். எங்கள் வாளி ஒன்றுதான் அப்படியே, சைலோவிலிருந்து எடுத்தபடி இருந்தது. பதினோரு வாளியில் பத்தில் வண்டு உயிரோடு இருக்க வழியே இல்லை, ஆக ஒன்று கிளம்பினால் அது நெவில் வீட்டு வண்டு என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். எல்லாவற்றையும் டிரம்மில் கொட்டியாகிவிட்டதால் எங்கள் பங்குக்கு மட்டும் தனியாகப் போட முடியவில்லை. மருந்து லேபிளில் டன்னுக்கு இவ்வளவு என்று போட்டிருக்கிறது. ஒரு டிரம்முக்கு அது சில சொட்டுதான் வருகிறது. சில சொட்டை எப்படித் தெளிப்பது? ஒரு மூடி ஊற்றித் தண்ணீர் கலந்து தெளித்து மண்வெட்டியால் நன்றாகப் புரட்டிவிட்டேன். பெரிய மூடிதான். மறுநாள் காலின் வந்து, சும்மா பார்த்துவிட்டுப் போகிறேன் என்று கொட்டகைக்குள் போனான். நான் மாட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் திறந்துகொண்டிருந்தேன். சனிக்கிழமை பாஸ்டர் தன் காரின் பின்னால் இழுவண்டியைக் கட்டிக்கொண்டு வந்தார், ஏற்றிவிட்டோம், கையசைத்தோம், போய்விட்டார். நான் கைகழுவினேன், நன்றாகச் சோப்புப் போட்டு.

அன்று சாப்பிட உட்கார்ந்தபோது ராயலீன் கேட்டாள்:

"அந்த டிரம்முல நீ ஒன்னும் போடலியே?"

"ஏன்?"

"சும்மாத்தான்."

எங்களுக்குக் கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடம் ஆகிறது, எங்களுக்குள் சும்மா என்று ஒன்று கிடையாது. முள்கரண்டியைக் கீழே வைத்தேன். "நீ என்ன போட்ட?"

"தக்காளிக்கு அடிக்கிறது அடியில கொஞ்சம் மிச்சம் கிடந்துச்சு. வீணாப் போகுதேன்னு."

"ராயலீன், அது திங்கிற பண்டம்."

"தக்காளி மட்டும் என்ன, தலையில வச்சுக்கிறதா? நீ என்ன போட்ட, அதைச் சொல்லு."

சொன்னேன். அவள் உருளைக்கிழங்கை நசுக்கிக்கொண்டே, "காலின் உள்ள போனப்ப அவன் கக்கத்துல ஒரு டப்பா இருந்துச்சே. என்னன்னு கேட்டியா?" என்றாள்.

"பெயிண்ட் டப்பான்னு நினைச்சேன்."

"கோதுமைக்குப் பெயிண்ட் அடிக்கவா வந்தான்?"

ஆக, சைலோவில் ஒன்று, அவரவர் வாளியில் ஒன்று, என் மூடி, இவளுடைய தக்காளி, காலினின் டப்பா. எங்கள் பக்கத்து வண்டு ஒன்று அந்த டிரம்மைத் தூரத்தில் பார்த்திருந்தால்கூட அடிலெய்டில் உன் வீட்டுக்குக் குடிவந்திருக்கும்.

"போய்ச் சொல்லிரு," என்றாள்.

"சொன்னா, கோவில் வாளியிலயே மருந்து கலக்குற கூட்டமாடா நீங்கன்னு க்வீன்ஸ்லாந்துக்குப் போயிருவார்."

"சொல்லலன்னா எங்க போவார்னு நினைச்சியா?"

நீயே சொல்லேன் என்றேன், நீதானே தலைவர் என்றாள். சபையில் எந்த வேலை வந்தாலும் என்னைக் கேட்காமல் ஒத்துக்கொள்கிறவள், இந்த வேலைக்கு மட்டும் நான் தலைவர் ஆகிவிட்டேன்.

புதன்கிழமை போனேன். அதற்குள் நான் ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். மருந்து கோதுமை மணியின் மேல்தோலில்தான் தங்கும், தவிட்டோடு போகிறதுதான் அதிகம், வெள்ளை மாவில் வருவது கொஞ்சம்தான், அடுப்பில் வெந்தால் அதிலும் கொஞ்சம் குறையும். உடம்புக்கு நல்லதென்று முழுக்கோதுமை ரொட்டியைத் தேடி வாங்குகிறவர்களுக்கு இதைச் சொல்லிப் பயனில்லை, ஆனால் எங்கள் பாஸ்டரை எப்படியாவது மாவைச் சலிக்க வைத்துவிட்டால் ஒருவரையும் காட்டிக்கொடுக்காமல் முக்கால் ஆபத்தைத் தாண்டிவிடலாம் என்பது என் கணக்கு. பாஸ்டர் வீட்டில் எல்லா ஜன்னலும் திறந்து கிடந்தன. நகரத்துப் பிள்ளை, இந்த மாதத்துப் புழுதி தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

"வாங்க நெவில், டீ போடட்டுமா?"

"வேணாம் பாஸ்டர். மாவைச் சலிச்சிருவீங்கதானே?"

"எதுக்கு? தவிட்டுலதானே சத்தே இருக்கு."

"அதான் பாஸ்டர். நம்ம ஆளுங்களுக்கு வயசாயிருச்சு, சத்து ஒத்துக்காது."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "கோதுமையில ஏதாவது கோளாறா நெவில்?"

"கோளாறா? எங்க கோதுமையிலயா?"

"இருந்தாச் சொல்லுங்க. நான் ஒன்னும் நினைச்சுக்க மாட்டேன்."

அக்கா, இந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அவருக்குப் பின்னால் மேசையில் அந்த அரவை இயந்திரத்தைத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தார், பக்கத்தில் கதிர்க்கட்டு எப்படிப் பின்னுவது என்று பென்சிலால் படம் போட்டு ஒட்டியிருந்தார். அதைப் பார்த்ததும் என் நாக்கு உள்ளே போய்விட்டது.

"தங்கம் பாஸ்டர்," என்றேன். "சொக்கத் தங்கம். பீடத்துல வச்சுட்டு, பார்வைக்கே இருக்கட்டுமேன்னு நினைச்சேன். அறுக்க மனசு வராது பாருங்க."

"ரொட்டின்னா திங்கத்தானே நெவில்," என்றார். வாசல் வரை வந்து வழியனுப்பினார். ரொம்ப நேரம் நின்று என் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார், என்ன பிரியமான பிள்ளை என்று கையசைத்துவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ரொட்டியை நீ பார்த்திருக்க வேண்டும். இரண்டு முழ நீளம், தனித்தனிக் கதிராகப் பின்னி, நடுவில் கயிறு கட்டினாற்போல் முடிச்சுப் போட்டு, பொன்னாகச் சிவந்து பீடத்தில் கிடந்தது. பாஸ்டர் பிரசங்கத்தில், பல வயலின் மணிகள் சேர்ந்து ஒரே ரொட்டியாவதைப் பற்றிப் பேசினார். ஒவ்வொருவரும் தன் பங்கைக் கொண்டுவந்ததைப் பற்றிப் பேசினார். எல்லாரும் தலை குனிந்திருந்தோம். பக்தி என்று வெளியூர்க்காரன் நினைத்திருப்பான். பிறகு மண்டபத்துக்குப் பின்னால் மர நிழலில் பந்தி. ஆட்டிறைச்சி, பீட்ரூட், உருளைக்கிழங்கு சாலட், தேங்காய்த்துருவல் புரட்டிய கேக் என்று மேசை நிறைந்திருந்தது, நடுவில் ரொட்டி. ஈக்கள் வழக்கம்போல எல்லாவற்றின் மேலும் உட்கார்ந்தன, ரொட்டியிலும் உட்கார்ந்தன. நானும் காலினும் ஒரே ஈயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அது முன்கால்களைத் தேய்த்தது, நடந்தது, பறந்து போய் மறுபடி வந்தது.

"சாகக் காணோமே," என்றேன் மெதுவாக.

"என்னோடது மெதுவாத்தான் வேலை செய்யும்," என்றான் காலின்.

அப்படித்தான் அக்கா அவன் வாயாலேயே எனக்குத் தெரிந்தது. பாஸ்டர் ரொட்டியை அறுத்துத் தட்டில் அடுக்கிக்கொண்டு வந்தார். முதலில் மார்லீன்.

"எனக்குக் கோதுமை சேராது பாஸ்டர்."

"எப்ப இருந்து மார்லீன்?"

"இப்பக் கொஞ்ச நாளா. வயித்தை ஒரு மாதிரி பண்ணுது." இன்னொரு கையில் கேக் இருந்தது. அது எந்த மாவில் செய்தது என்று நான் கேட்கவில்லை.

அவளுக்கு அடுத்தவளுக்கும் சேரவில்லை. அடுத்தவளின் புருஷனுக்கும் சேரவில்லை. அந்த மேசையைச் சுற்றி இருந்தவர்கள் அத்தனை பேரும் பிறந்ததிலிருந்து கோதுமை விதைத்து, கோதுமை விற்று, கோதுமையைத் தின்று வளர்ந்தவர்கள், அத்தனை பேருக்கும் ஒரே மத்தியானத்தில் கோதுமை ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டது. காலின் மட்டும் வித்தியாசமாக, "பல்லு," என்றான். எலும்பைக் கடித்துக்கொண்டே சொன்னான். ராயலீன் பாத்திரம் கழுவ ஓடிவிட்டாள், பந்தி ஆரம்பிக்கவே இல்லை, என்ன பாத்திரம் கழுவினாளோ. தட்டு ஒரு துண்டும் குறையாமல் என்னிடம் வந்து நின்றது.

"நெவில்?" என்றார் பாஸ்டர். தட்டை நீட்டிக்கொண்டே நின்றார். நான் துண்டைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன். தின்றுவிடலாம் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. கை போகவில்லை.

"சரி, சமைச்சவன் முதல்ல சாப்பிடுறேன்," என்று அவரே ஒரு துண்டை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனார். அடுத்து என்ன செய்தேன் என்பதை மார்லீன் உனக்கு நடித்தே காட்டியிருப்பாள். கையை ஓங்கி அவர் கையில் அடித்துவிட்டேன். ரொட்டி பறந்து பீட்ரூட்டில் விழுந்தது, பீட்ரூட் சாறு அவருடைய வெள்ளைக் கழுத்துப்பட்டியில் தெறித்தது.

"அதைத் தின்னாதீங்க பாஸ்டர்," என்றேன். "நான் அதுல மருந்து போட்டிருக்கேன். ஒரு மூடி. பெரிய மூடி."

யாராவது என்னைத் திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். அப்புறம் காலின் எலும்பைக் கீழே வைத்துவிட்டு, "நானும் போட்டேன். ஒரு டப்பா," என்றான். "முழு டப்பாவாடா?" என்றேன். "திறந்துட்டா மிச்சம் வச்சிருக்க முடியாது, காத்துப் பட்டா வீரியம் போயிரும்," என்றான். ராயலீன் ஈரக் கையோடு வந்து தக்காளியைச் சொன்னாள். மார்லீன், தான் போட்டது இயற்கை மருந்து என்று ஆரம்பித்தாள், எந்த இயற்கையில் அப்படி வாசனை வருகிறது என்று நான் கேட்டேன், அவள் அழுதாள். அதற்குள் மேசையின் அந்தக் கோடியில் ஒருவர் எழுந்தார், இந்தக் கோடியில் ஒருவர் எழுந்தார். ஞாயிறுதோறும் பாவ அறிக்கையை வரிசையாக முணுமுணுத்துவிட்டு உட்காருகிற சபை இது. இவ்வளவு விவரமாக, பெயரும் அளவும் சொல்லி, ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிட்டு அறிக்கை செய்ததை நான் பார்த்ததில்லை. கடைசியில் அது எந்த மருந்து உசத்தி என்ற சண்டையில் வந்து நின்றது. அப்போது திரும்பிப் பார்த்தால் பாஸ்டர் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. எழுந்து தட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவ்வளவுதான் நடந்தது. அவர் அழுததை நினைத்தால் எனக்கு இரவெல்லாம் தூக்கமில்லை. ஆனால் சபையில் யாருக்கும் அவரவர் டப்பா ஞாபகமில்லை, என் கை மட்டும்தான் ஞாபகமிருக்கிறது. "நீ வாயை மூடிட்டு இருந்திருந்தா அவருக்குத் தெரிஞ்சே இருக்காது," என்கிறான் காலின். "தின்னிருப்பாரேடா," என்றால், "ஒரு துண்டுல யாராவது சாவாங்களா?" என்கிறான். அப்புறம் நீ ஏன் தின்னவில்லை என்று கேட்டேன். பல் என்றான். அவனுக்கு இருப்பது மொத்தமும் கட்டின பல், சேவலைக்கூட இறகோடு கடிப்பான். ராயலீனுக்கு என் மேல் கோபம், தக்காளியை அத்தனை பேர் முன்னால் சொல்ல வைத்துவிட்டேனாம். நானா சொல்ல வைத்தேன்?

ஆகவே நான் முடிவு செய்துவிட்டேன். தலைவர் பதவியை ராஜினாமா செய்கிறேன். காலின் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளட்டும், வண்டும் டப்பாவுமாக நடத்தட்டும். பாஸ்டர் போகிறது நிச்சயம், கோவில் மூடுகிறது நிச்சயம். கடைசி ஆராதனைக்கு நீயும் மச்சானும் வர வேண்டும், சாப்பாட்டை அடிலெய்டிலிருந்தே கட்டிக்கொண்டு வாருங்கள். அங்கே நம்மவர்கள் யாராவது கேட்டால் உண்மையைச் சொல், முக்கியமாக லாவெண்டரைச் சொல்.

மச்சானை நடக்கச் சொல், இனிப்பை ஒளித்து வை. உன் முழங்காலில் வலி தணியவும் உன் வீட்டில் சமாதானம் தங்கவும் வேண்டிக்கொள்ளும்,

உன் பிரியமுள்ள தம்பி,
நெவில் பெட்ஷல்.

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது பாஸ்டரின் கார் வந்து நின்றது, அதனால் உறையை ஒட்டவில்லை. அவர் டீ கேட்டார். ராயலீன் போட்டுக்கொடுத்தாள். குடித்துவிட்டுச் சொன்னார்: "அந்த ரொட்டியில உங்க கோதுமை ஒரு மணிகூட இல்ல நெவில். டிரம் மூடியைத் திறந்ததுமே கண்ணுல தண்ணி கொட்டிருச்சு. திங்கட்கிழமையே ஹார்ஷம் கடைக்குப் போய் மாவு வாங்கிட்டேன்."

அப்ப ஏன் எங்ககிட்டச் சொல்லல என்று கத்தினேன். பாஸ்டரைப் பார்த்து நான் கத்தியது அதுதான் முதல் தடவை.

"யாராவது ஒருத்தர் சொல்லுவீங்கன்னு பாத்தேன். புதன்கிழமை நீங்க வந்ததும், சரி, சொல்லத்தான் வந்திருக்காருன்னு சந்தோஷப்பட்டேன். தங்கம்னீங்க." நேற்று பெஞ்சில் அவர் அழவில்லையாம். நாங்கள் பார்த்துவிடக் கூடாதே என்று முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாராம்.

க்வீன்ஸ்லாந்துக்காரர்களுக்கு இன்று காலை போன் செய்து வரவில்லை என்று சொல்லிவிட்டார். ஏன் என்று கேட்டேன். "போன மாசம் அங்க போய்ப் பாத்தேன் நெவில். எல்லாரும் ரொம்ப நல்லவங்க. ஒரு தப்பு சொல்ல முடியாது. அங்க போய் நான் என்ன பண்றது? இங்கன்னா நான் ரிட்டையர் ஆகுற வரைக்கும் வேலை இருக்கு," என்றார்.

ராயலீன் அழுதாள், என்னோடு பேசவும் ஆரம்பித்துவிட்டாள். நானும் கொஞ்சம் அழுதேன், கோபத்தில்தான் என்று வைத்துக்கொள். ஆகவே மேலே ராஜினாமா என்று எழுதியிருக்கும் இடத்தை மட்டும் அடித்துவிடு. காலினைப் பற்றியும் மார்லீனைப் பற்றியும் எழுதியது அப்படியே இருக்கட்டும்.